சம்பளத்தில் ஜப்தி வந்தால்...

"என் கணவர் மதுரையில் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கர். சம்பளம் 28,000 ரூபாய். நண்பர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வழக்கு வந்து சம்மன் வாங்கியபோது, 'நான் பார்த்துக்கிறேன்' என்று நண்பர் சொன்னதை நம்பி கோர்ட்டுக்கே போகவில்லை. இப்போது 8 லட்சத்துக்குத் தீர்ப்பாகி, ஆபீஸுக்கு ஜப்தி உத்தரவு வந்திருக்கிறது. நண்பரோ ஊரிலேயே இல்லை. முழுச் சம்பளமும் போய்விடுமா? ஜெயிலில் போடுவார்களா? என் நகையை எடுப்பார்களா?"

- திருமங்கலம் வாசகி

சகோதரி, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். முழுச் சம்பளமும் போகாது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. உங்கள் கணக்கில் 27,000-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மாதம் 9,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்கள்தான். அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தைத் தொட முடியாது. பி.எஃப். பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

ஆனால், 24 மாதத்தில் கழிவது 2,16,000 ரூபாய்தான். தீர்ப்புத் தொகைக்கு 6 சதவிகித வட்டி போட்டிருந்தால், வட்டியே மாதம் 4,000 ரூபாய் ஆகும். மீதிக் கடனுக்காக, கணவர் பெயரில் வீடோ நிலமோ இருந்தால் அதன் மேல் வருவார்கள். தீர்ப்பை நிறைவேற்ற அவர்களுக்கு 12 வருட அவகாசம் உண்டு. அதனால், 'ரெண்டு வருஷம் ஓடட்டும்' என்று சும்மா இருக்காதீர்கள்.

ஜெயில்? பணம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று, ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றுபவருக்கும், சொத்தை மறைப்பவருக்கும்தான் அந்தப் பயம். அதனால், 'வீட்டை உடனே மனைவி பேருக்கு எழுதிவை' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பத்திரமும் நிற்காது, கணவருக்குக் கெட்ட பெயரும் சேரும்.

தீர்ப்பு கணவர் மேல் மட்டும்தான் என்றால், உங்கள் சொந்த நகை அவருடைய கடனுக்குப் பதில் சொல்லாது. தாலியைக் கைவைக்கச் சட்டமே விடாது.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று: கோர்ட்டுக்குப் போகாததால் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய மனு போடலாம். கெடு 30 நாள். தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு வேண்டும். 'நண்பரை நம்பினேன்' என்பது பலமான காரணம் இல்லை. கடன் கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் இந்த வழி பலன் தரும்.

இரண்டு: சமரசம். உங்களுக்கு இதுதான் நல்லது. வட்டியைக் குறைத்து, தவணையாகக் கட்டுவதாகப் பேசுங்கள். லோக் அதாலத்தில் முடித்தால் அதுவே இறுதி, மேல்முறையீடு கிடையாது. வெளியில் பணம் கொடுத்தால் 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். பதிவாகாத பணத்தை, நிறைவேற்று மனுவை விசாரிக்கும் கோர்ட் கணக்கில் எடுக்காது.

மூன்று: மஞ்சள் கடுதாசி. 1920-ம் வருட திவால் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதில் போனால், இருக்கும் சொத்தைக் கோர்ட் நியமிக்கும் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசிக் கதவு அது.

கணவர் கட்டும் ஒவ்வொரு ரூபாயையும் அந்த நண்பரிடமிருந்து வசூலிக்க அவருக்கு உரிமை உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கணவருக்குத் தகுதி உண்டா என்று 15100-ல் கேளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கடன் வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன் போட்டவரையே நேராகப் பிடிக்கலாம். நட்புக்காகக் கையெழுத்துப் போட்டால்கூட, சம்மன் வந்த அன்று கோர்ட்டுக்குப் போய்விடுங்கள்.