கமா செய்யும் வினை

பெங்களூரின் பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதா, புரோகிராமர்களுக்குத் தினமும் தரும் பங்குகள் பட்டியல் வெறும் எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது. வரிக்கு ஒரு பங்கு. விவரங்களுக்கு இடையே கமா. அதை வரிவரியாகவும், பிறகு கமா கமாவாகவும் வெட்டி 'அரே' என்ற வரிசையில் அடுக்கினால்தான் இணையப் பக்கத்துக்கு உதவும்.

வெட்டுவதில்தான் வினை. இப்படி வரும் எந்தத் தொகுப்பிலும் 1,25,000 என்று நம்மூர்ப் பாணியில் ஒரு தொகை இருந்தால் மூன்று துண்டாகிவிடும். கமா உள்ள விவரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று 2005லேயே ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் சொல்லிவிட்டது. மேற்கோளைக் கவனிக்காமல் வெட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரியாக வெட்டினாலும் எண்கள் எழுத்தாகவே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் அப்படிப்பட்ட 100-ஐயும் 50-ஐயும் கூட்டினால் விடை 10050. எண்ணாக மாற்ற மறந்தவர் திரையில் மட்டும் பணக்காரர்.