எழுபது மணி நேர உபதேசம்

அதிக நேரம் உழைப்பவன் முன்னேறுவான். எல்லோரும் அப்படி உழைத்தால் நாடே முன்னேறும். கேள்வி கேட்காமல் நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் இந்த நம்பிக்கைக்கு 2023 அக்டோபரில் ஒரு பெரிய வக்கீல் கிடைத்தார். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் வெளியான காணொளியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வரவழைக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டவர், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

இந்த நம்பிக்கை உண்மை என்றால், அடுக்குமாடி வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் ஊரிலேயே பெரிய பணக்காரராக இருக்க வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் என்றாலே 72 மணி நேரம் ஆகிவிட்டது. பல இடங்களில் ஏழாவது நாளும் உண்டு. ஜவுளிக்கடையில் ஷட்டர் இறங்கும்வரை நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கொடுக்கச் சொல்லி 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாரம் 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள். இவர்களைப் பார்த்தா இன்னும் உழையுங்கள் என்கிறீர்கள்?

மூர்த்தி காட்டிய உதாரணம், போருக்குப் பிந்தைய ஜெர்மனியும் ஜப்பானும். அது பாதிக் கதை. போர் முடிந்து 11 ஆண்டுகளில், 1956இல், மேற்கு ஜெர்மனியின் தொழிற்சங்கங்கள் ஒரு சுவரொட்டி போட்டன. சனிக்கிழமை அப்பா எனக்குத்தான் என்று ஒரு சிறுவன் அதில் சொல்கிறான். வாரம் 40 மணி நேரம், ஐந்து நாள் வேலை என்ற அந்தக் கோரிக்கை, பொருளாதாரம் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே துறை துறையாக வென்றது. ஜப்பானோ வேலைப் பளுவால் சாவதற்கு ‘கரோஷி’ என்று தனிப் பெயரே வைக்க வேண்டிய நிலைக்குப் போய், 2018இல் ஓவர்டைமுக்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டது. அந்த நாடுகள் விட்டு ஓடிவந்த இடத்துக்கு நம்மைப் போகச் சொல்கிறார்கள்.

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். உபதேசம் செய்பவர்கள் தொடாத இடம் இதுதான். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 48 மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு ஏறத்தாழ 144 ரூபாய். அதே சம்பளத்துக்கு 70 மணி நேரம் உழைத்தால் 99 ரூபாய். உழைப்பு கூடியிருக்கிறது, ஒரு மணி நேரக் கூலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அந்தக் கணக்கில் கூடுதலான 22 மணி நேரம் 44 மணி நேரக் கூலிக்குச் சமம். சம்பளம் 57,500 ரூபாய் ஆக வேண்டும். ஆக, நாட்டுக்காக என்று சொல்லி மாதாமாதம் ஓர் இளைஞனிடம் கேட்கப்படும் நன்கொடை 27,500 ரூபாய். அதே சட்டம் ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம்தான் உச்சவரம்பு என்றது. அதாவது 70 என்பதே சட்டத்தின் வேலியைத் தாண்டிய எண். 90 மணி நேரம் கேட்டவரின் 2023-24ஆம் ஆண்டு ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய், அவருடைய நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல 500 மடங்குக்கும் மேல். அந்த விலை கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை வருவதற்கும் ஆள் இருக்கும்.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லிவிட்டன.

வாரத்தின் 168 மணி நேரத்தில் 90 போய், தூக்கத்துக்கு 49 போனால், மிச்சம் நாளுக்குச் சுமார் நான்கு மணி நேரம். பேருந்து, குளியல், சாப்பாடு எல்லாம் அதற்குள். அப்போது சமைப்பது யார், குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போவது யார்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்! அவள் அடுப்படியில் நிற்பதால்தான் இவர்களுடைய ஊழியன் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிறான்.

விருப்பப்பட்டவர்கள் உழைக்கட்டுமே என்பது கடைசி வாதம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைத் திருத்தம் நிறைவேறியபோதும் அரசுத் தரப்பில் இதைத்தான் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் அரசு பின்வாங்கியது. அப்ரைசல் கையில் வைத்திருக்கும் மேனேஜர் இரவு ஒன்பது மணிக்கு முடியுமா என்று கேட்டால், முடியாது என்று சொல்லும் ‘விருப்பம்’ எத்தனை பேருக்கு உண்டு?

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. நாளுக்கு 8, வாரத்துக்கு 48, மேலே போனால் இரட்டைக் கூலி என்கிறது. அரசு அதைக் கடைகளிலும் ஐ.டி. அலுவலகங்களிலும் கறாராக நடைமுறைப்படுத்தட்டும். அதன் பிறகு எத்தனை முதலாளிகள் 70 மணி நேரம் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.