தோட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் காய் கேட்கலாமா?

சென்ற மாதம் ஒரு பின்னேரம் என் தங்கையின் மகன் கடைக்கு வந்தான். கையில் ஓர் ஒப்பந்தப் பத்திரம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முந்தல் களப்புக் கரையில் எடுத்த குறும்படத்தை ஒரு கம்பனி வாங்கப் போகிறதாம். "மாமா, ஒரே தடவையில் காசு தருகிறார்கள். கையெழுத்து வைக்கவா?" என்று கேட்டான்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். உலகம் முழுவதற்கும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக என்று எழுதியிருந்தது. "உன் வாப்பாவின் தென்னந்தோட்டத்தை ஒரு பறிப்புக் காசுக்கு எழுதிக் கொடுப்பாயா?" என்று கேட்டேன். அவன் முழித்தான்.

வியாபாரப் பத்தியில் சினிமாவா என்று சில சகோதரர்கள் முகம் சுளிக்கலாம். நான் பேச வந்தது படத்தை அல்ல, கணக்கை.

எண்பதுகளில் நம் பகுதியில் டெக்கும் டீவியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு விட்டவர்களை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் கூட்டாளி ஒருவரும் அந்தத் தொழில் செய்தார். கலியாண வீடு என்றால் ஜெனரேட்டரும் சேர்த்துப் போகும். நல்ல வருமானம். பிறகு சீடி வந்தது, டிஷ் வந்தது. கசட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது. கடையை மூடினார்.

இதே தொழிலை பம்பாயில் செய்தவர்கள் ஷெமாரூ நிறுவனத்தார். 1962இல் புத்தகம் இரவல் கொடுக்கும் வாசகசாலையாகத் தொடங்கி, 1979இல் வீடியோ கசட் வாடகைக்கு இறங்கினார்கள். நம் கூட்டாளியின் தொழில்தான். ஆனால் அவர்கள் கசட் வாடகையோடு நிற்கவில்லை. படங்களின் உரிமையையே தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். தியேட்டரில் ஓடி முடிந்த பழைய படத்தால் இனி என்ன வரும் என்று பலர் நினைத்த காலம் அது. கசட் செத்தது, உரிமை சாகவில்லை. அதே படம் சீடியாகப் போனது, டீவிடியாகப் போனது, தொலைக்காட்சிக்குப் போனது, யூடியூபுக்கும் போனது. 2014இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 2019இல் ஷெமாரூமீ என்று சொந்தமாகவே இணையவழித் திரையைத் திறந்தார்கள்.

அதில் ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. பழைய ஹிந்திப் படம், குஜராத்தி, சிறுவர், பக்தி என்று இறாக்கை பிரித்து வைத்தார்கள். முஸ்லிம்களுக்காக இபாதத் என்றும் ஒரு பகுதி. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெரிய கடையோடு எல்லாச் சாமானிலும் போட்டி போட யாரால் முடியும்? சுப்பர் மார்க்கெட் வந்தபின்னும் கருவாட்டுக் கடை ஓடுவது, நல்ல கருவாடு எது என்று அந்த முதலாளிக்குத் தெரிந்திருப்பதால்தான்.

அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. 1974இல் நியூயோர்க்கில் இரண்டு நண்பர்கள் தொடங்கிய ட்ரோமா என்ற சிறு கம்பனி, மலிவான பேய்ப் படங்களும் கோமாளிப் படங்களும் எடுத்தது. நம் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. ஆனால் 2015இல் அந்தப் படங்களை வைத்தே மாதச் சந்தாவுக்குத் தங்கள் சொந்த இணையத் திரையைத் தொடங்கினார்கள். பண்டம் தங்கள் கையில் இருந்ததால் முடிந்தது.

உரிமை வைத்திருந்தாலே லாபம் என்று நான் சொல்லவில்லை. ஷெமாரூவும் சமீப ஆண்டுகளில் நட்டக் கணக்குக் காட்டியிருக்கிறது. தேங்கிய சரக்கு எந்த வியாபாரியையும் கடிக்கும். உப்பு வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தளத்தாருக்கு மழை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சொத்து வைத்திருந்து நட்டப்படுவது வேறு, சொத்தே இல்லாமல் கைகட்டி நிற்பது வேறு.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஒரு படத்துக்கான உரிமை வெளியிட்டதிலிருந்து 70 வருடம். நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் போகக்கூடிய சொத்து அது. உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ஆகவே அந்தத் தாள்தான் உறுதிப்பத்திரம். காணி உறுதியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காத நாம் இதை மட்டும் ஏன் வாசிப்பதில்லை?

மருமகனிடம் நான் சொன்னது இதுதான். விற்காதே, குத்தகைக்குக் கொடு. ஐந்து வருடம் போதும். தொலைக்காட்சிக்கு வேறு விலை, இணையத்துக்கு வேறு விலை கேள். வருமானத்தில் பங்கு கேள், கணக்குக் காட்டச் சொல். மூலப் பிரதி உன் வீட்டில் இருக்கட்டும்.

அவன் அப்படியே எழுதி அனுப்பினான். மூன்று வாரமாகப் பதில் இல்லை. தங்கை என்னோடு சரியாகக் கதைப்பதும் இல்லை. அவளுடைய காப்பை விற்றுத்தான் அவன் கமரா வாங்கினானாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.