ஊர் சுற்றிய அன்னம்

அன்னா பாவ்லோவாவைப் போல் ஊர் சுற்றிய நடன மணிகள் குறைவு. 1881-ல் ரஷ்யாவில் பிறந்த இவர், பெட்டி பெட்டியாக உடுப்புகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா, ஜப்பான், இந்தியா என்று நாடு நாடாகப் போய் 'பாலே' ஆடினார்.

லண்டன் வீட்டுக் குளத்தில் அன்னம் வளர்த்தார். மேடையிலும் அவர் அன்னந்தான்! 'டூட்டூ' என்ற வெள்ளைப் பாவாடை. வலை போன்ற மெல்லிய துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது. அதன்மேல் இறகுகள். நாலு நிமிஷம்கூட வராத அந்த ஆட்டத்தில் அன்னம் துடிதுடித்து அடங்கும். 1931-ல் உயிர் போகும் சமயத்திலும் அந்த உடுப்பைத்தான் கேட்டார் என்பார்கள். கதையோ நிஜமோ, அவருக்குப் பொருத்தமான கதை!

1928-29-ல் அவர் மறுபடி இந்தியா வந்தபோது, ருக்மிணி தேவிக்கு அவருடன் பழக்கம் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் அது நட்பாயிற்று. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். சொந்த நாட்டுக் கலையைக் கவனிக்கும்படி பாவ்லோவா தூண்டினார்.

அதனால்தான் பரதம் பிழைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இது அதிகப்படி! சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிகளும் நட்டுவனார்களும். ருக்மிணி தேவி பாடம் கேட்டதும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்.

பாவ்லோவாவுக்கு நன்றி சொல்ல வேறு காரணம் உண்டு. 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, கோயில் சிற்பங்களைப் பார்த்து நாட்டிய உடை அமைத்தார். விளக்கு, மேடை ஒவ்வொன்றிலும் கண் வைத்தார். அந்தக் கண்ணில் பாவ்லோவாவின் சாயல் கொஞ்சம் உண்டு என்பது என் எண்ணம். இன்று அரங்கேற்றத்துக்கு விசிறி மடிப்பு உடை தைக்க அளவு கொடுக்கும் பெண்களுக்கு அந்த ரஷ்ய அம்மாளைத் தெரியாமல் போகட்டும். பந்தநல்லூர்ப் பிள்ளையையாவது தெரிய வேண்டாமா?