இருபத்தோர் எழுத்துகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி சாஃப்ட்பால் அணிக்குப் புதுப் பனியன்கள் வந்தன. நான் 7ஆம் எண் வேண்டுமென்று கேட்டேன். ஏன் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அணியில் இன்னும் ஐந்து பேர் அதே எண்ணைக் கேட்டிருந்தார்கள். இழுபறிக்குப் பின் என் கைக்கு வந்தது 21. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஐயா, "அது யாருடைய எண் என்று தெரியுமா? தெரிந்துகொண்டு வா. பிறகும் வேண்டாமென்றால் மாற்றித் தருகிறேன்" என்றார்.

சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை. மைதானத்து வேப்பமரத்தடியில் நாங்கள் ஆடும்போது, "என்னப்பா இது, கிட்டிப்புள்ளா?" என்று கேட்டுவிட்டுப் போகும் நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். பேஸ்பாலில் அந்த எண்ணுக்கு உரியவர் ரொபெர்த்தோ கிளெமெந்தே. அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, பனியனை மாற்றிக் கேட்கும் எண்ணம் போய்விட்டது. அவருக்குச் செய்யப்பட்ட மரியாதைகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் உண்டாயிற்று. நண்பர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கிளெமெந்தே 1934ஆம் ஆண்டு பியூர்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பியூர்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு; மக்கள் அமெரிக்கக் குடிமக்கள்; பேசுவது ஸ்பானிய மொழி. 1955இல் பிட்ஸ்பர்க் நகரின் பைரேட்ஸ் அணிக்கு ஆட வந்தார். பதினெட்டுப் பருவங்கள் அந்த ஓர் அணிக்கே ஆடினார். நான்கு முறை தேசிய லீகின் முதல் மட்டையாளர். பந்துத் தடுப்பில் சிறந்தவருக்குத் தரும் தங்கக் கையுறை பன்னிரண்டு முறை. 1966இல் லீகின் மிகச் சிறந்த வீரர். அடித்த பந்து பிடிபடாமல் மட்டையாளர் முதல் தளத்தைத் தொட்டுவிட்டால் அதை 'ஹிட்' என்பார்கள். 1972 செப்டம்பர் 30ஆம் நாள் அவர் தமது 3000ஆவது ஹிட்டை அடித்தார். அவருக்கு முன் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் பத்தே பேர்.

அவருடைய கை வலிமையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம். வலது களத்தின் கோடியிலிருந்து அவர் எறியும் பந்து, தரையைத் தொடாமல் மூன்றாம் தளத்துக்கு வந்து சேருமாம். எறிபொருள் இயக்கத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்த எனக்கு, அதை ஒருவன் தோளால் செய்து காட்டியது பெரும் வியப்பு. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று.

அவரை அந்த நாடு எப்படி அழைத்தது என்பதைப் பாருங்கள். ரொபெர்த்தோ என்று கூப்பிட நா வளையவில்லை போலும். 'பாப்' என்று ஆக்கிவிட்டார்கள். சிறுவர்கள் சேகரிக்கும் விளையாட்டு வீரர் படச் சீட்டுகளில் 1957 முதல் 1969 வரை 'பாப் கிளெமெந்தே' என்றே அச்சாயிற்று. "என் பெயர் ரொபெர்த்தோ" என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். பத்திரிகைக்காரர்கள் சிலர் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்துப் பிழைகளாக்கி அச்சிட்டு நகைத்தார்கள். அந்த எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியமாவது பேசத் தெரியும்? வசந்த காலப் பயிற்சிக்கு ஃபுளோரிடா போனால் வேறு துன்பம். வெள்ளை வீரர்கள் சாலையோர உணவகத்தில் உண்பார்கள். கிளெமெந்தேயும் மற்றக் கறுப்பின வீரர்களும் பேருந்தில் காத்திருக்க வேண்டும். 1960இல் பைரேட்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. அவ்வாண்டின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடம். அது அவரை நெடுநாள் வருத்தியது.

1971இல் மீண்டும் உலகத் தொடர். இம்முறை தொடரின் சிறந்த வீரர் அவர்தான். வெற்றி பெற்ற அறையில் தொலைக்காட்சி ஒலிவாங்கியை அவர்முன் நீட்டினார்கள். அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பேசுமுன், தாய்தந்தையரிடம் ஸ்பானிய மொழியில் சில சொற்கள் பேச அனுமதி கேட்டார். தம் பிள்ளைகளுக்கு ஆசி சொன்னார். பெற்றோரிடம் தமக்கு ஆசி கேட்டார். அவருடைய ஆங்கிலத்தை நையாண்டி செய்த நாட்டுக்கு அதைவிட அழகான பதில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நிகரகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் அழித்தது. சில வாரங்களுக்கு முன்புதான் பியூர்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியை அழைத்துக்கொண்டு அவர் அந்நகரத்துக்குப் போய் வந்திருந்தார். பழகிய தெருக்கள், பழகிய முகங்கள். உணவும் மருந்தும் திரட்டி விமானத்தில் அனுப்பினார். அவை மக்களைச் சேரவில்லை, ஆட்சியாளரின் படையினர் கைக்குப் போகின்றன என்ற செய்தி வந்தது. 'நானே போனால் தடுக்கமாட்டார்கள்' என்று புறப்பட்டார். டிசம்பர் 31 இரவு. பழைய சரக்கு விமானம். தாங்கும் அளவுக்கு மேல் சுமை. கிளம்பிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐவரும் மாண்டனர். கிளெமெந்தேயின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. அவருடைய அணித் தோழர் மேனி சங்கியென் இரங்கல் கூட்டத்துக்குப் போகாமல், தேடுவோருடன் சேர்ந்து கடலில் குதித்துத் தேடிக்கொண்டிருந்தார். கிளெமெந்தேக்குச் செய்யப்பட்ட மரியாதைகள் எத்தனையோ. அவற்றில் எனக்கு முதலாவது அதுதான். எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

அதன் பின் மரியாதைகள் மழையாய்ப் பொழிந்தன. பேஸ்பால் புகழ்மன்றத்தில் ஒரு வீரரைச் சேர்க்க அவர் ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆகவேண்டும் என்பது விதி. அவருக்காக விதியைத் தளர்த்தித் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். 424 வாக்குகளில் 393 அவருக்கு ஆதரவு. 1973இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வீரர் ஆனார். பைரேட்ஸ் அணி 21ஆம் எண்ணை வேறெவருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. 1984இல் அஞ்சல் தலை. 1994இல் மைதான வாயிலில் சிலை. பிட்ஸ்பர்க்கில் ஆற்றுப் பாலம் ஒன்றுக்கு அவர் பெயர். புதிய மைதானத்தில் அவர் நின்று ஆடிய வலது பக்கத்துச் சுவரை 21 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். 2003இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம்.

ஆனால் நண்பர்களே, புகழ்மன்றத்தில் வைத்த வெண்கலப் பட்டயத்தில் அவர் பெயர் தவறு! ஸ்பானிய வழக்கில் பெயருக்குப் பின் முதலில் தந்தையின் குடிப்பெயர், அடுத்துத் தாயின் குடிப்பெயர். எனவே அவர் ரொபெர்த்தோ கிளெமெந்தே வாக்கர். வாக்கர் என்பது தாயின் குடிப்பெயர். பட்டயம் செய்தவர்கள் அமெரிக்க வழக்கப்படி 'ரொபெர்த்தோ வாக்கர் கிளெமெந்தே' என்று வார்த்துவிட்டார்கள். அது திருத்தப்பட்டது 2000ஆம் ஆண்டில். விதியைத் தளர்த்த மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெயரைத் திருத்த இருபத்தேழு ஆண்டுகள்!

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் தம் முழுப் பெயரின் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று சொல்கிறார்கள். அவர்களுடைய எழுத்தில் ரொபெர்த்தோ ஏழு, கிளெமெந்தே எட்டு, வாக்கர் ஆறு. 'பாப்' என்று அச்சிட்ட காலத்திலும் அவர் முதுகில் தந்தை பெயரும் தாய் பெயருமாக முழுப் பெயரும் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் இல்லை. பட்டயத்தில் வரிசை மாறிய பெயரை எண்ணினாலும் 21தான் வரும். கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது. பெயரில் அப்படி இல்லை.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரிக்கு வந்த புதிதில் வெளியூரில் ஒரு போட்டியில் பரிசு பெற்றேன். விண்ணப்பத்தில் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மேடையில் என் தந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் புரிந்தது. சான்றிதழிலும் அப்படியே: அப்பாவின் பெயர் பெரிதாக, என் பெயர் அதற்கு வால் போல. எனக்கு ஆத்திரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாங்கிய முதல் சான்றிதழில் பெயர் சரியில்லை!

வீட்டுக்குக் கொண்டுபோய்க் குறை சொன்னேன். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சான்றிதழை வாங்கி, தம் பெயர் எது என்று விரல் வைத்துக் கேட்டார். காட்டினேன். "மேடையில எம்பேரைக் கூப்பிட்டாங்களா? மைக்குலயா?" என்றார். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆலைக்குப் போகும்போது சான்றிதழைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

பெயர்ப் பிழை பிழைதான். அதைத் திருத்தவே வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் கிளெமெந்தே ஏன் முதலில் பெற்றோரிடம் பேசினார் என்பது அதன் பிறகு நன்றாக விளங்கியது. அம்மாவின் பெயரை எந்த விண்ணப்பமும் முதலெழுத்தாகக் கேட்கவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. அவ்வகையில் ஸ்பானியர் வழக்கம் நம்முடையதைவிட மேல்.

இனி என் கருத்து. மரியாதை செய்கிறவர்கள் இரண்டு வேலைகளைத்தான் செய்யவேண்டும்: அந்த மனிதரை அவராகவே அழைப்பது; அவர் விட்ட வேலையைத் தொடர்வது. இந்த அளவுகோலில் சிலையும் சுவரும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காகக் கரோலினாவில் ஒரு விளையாட்டு நகரம் அமைக்க வேண்டும் என்பது கிளெமெந்தேயின் கனவு. அவர் மறைந்தபின் அவர் மனைவி வேரா அதை உருவாக்கினார். பல பிள்ளைகள் அங்கே ஆடிப் பழகினார்கள். பின்னாளில் பணமும் பராமரிப்பும் இன்றி அது பாழடைந்தது. வெண்கலச் சிலை பளபளக்க, அவர் வாய்திறந்து கேட்ட ஒன்று புதர் மண்டிப்போவதை மரியாதை என்று எப்படிச் சொல்வது? மாறாக, சமூகத் தொண்டு செய்யும் வீரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் தரும் விருதுக்கு 1973இல் அவர் பெயரை வைத்தார்களே, அது நல்ல செயல். அதைப் பெற ஒருவர் நன்றாக ஆடினால் மட்டும் போதாது. வேறு யாருக்காவது ஏதாவது செய்திருக்கவும் வேண்டும்.

நண்பர்களோடு என் சண்டை 21ஆம் எண் பற்றியது. 1947இல் நிறத் தடையை உடைத்து ஆட வந்த ஜாக்கி ராபின்சனின் 42ஆம் எண்ணை, 1997இல் எல்லா அணிகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கிளெமெந்தேயின் 21ஐயும் அவ்வாறே எடுக்கவேண்டும் என்று அங்கே பலர் கோரிவருகிறார்கள். என் அறை நண்பனும் அந்தக் கட்சிதான். "ராபின்சனுக்கு ஒரு நீதி, இவருக்கு ஒரு நீதியா? லத்தீன் வீரர் என்றால் இளப்பமா?" என்கிறான். எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனாலும் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ராபின்சனின் எண்ணைக்கூட முழுவதும் பூட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை; ஏப்ரல் 15ஆம் நாள் எல்லா வீரர்களும் 42 அணிந்து ஆடும் வழக்கம் 2009 முதல் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் கிளெமெந்தே நாளன்று பைரேட்ஸ் வீரர் அத்தனை பேரும் 21 அணிந்து களமிறங்கினார்கள். மற்ற அணிகளில் இருந்த பியூர்டோ ரிக்கோ வீரர்களுக்கும் அந்த உரிமை தரப்பட்டது. சுவரில் தொங்கும் பனியனைவிட, ஓடி வியர்க்கும் பனியனே எனக்குப் பிடிக்கிறது. கரோலினாவில் இன்று ஒரு பையன் பந்தெறியக் கற்றுக்கொண்டிருப்பான். அவன் பெரியவனாகி அந்த எண்ணைக் கேட்டால், "அது பெரியவருடையது, தொடாதே" என்று சொல்வதா? "யாருடையது என்று தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதா?

"21 பனியன் உன்னிடம் இருக்கிறது, அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்" என்கிறான் அறை நண்பன். இருக்கலாம். அடுத்த ஆண்டு நான் படிப்பை முடித்துப் போகும்போது அதைத் துவைத்து உடற்கல்வித் துறையில் ஒப்படைக்க வேண்டும். இடது தோளில் ஒரு தையல் விட்டிருக்கிறது, அதற்குள் தைத்துவிடுவேன். முதலாண்டு மாணவர்களில் வலது களத்தில் ஆடும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் கேட்பது 18ஆம் எண்.