நோயாளியின் ரகசியம் பெரட்டுக்கு வரலாமா?

தோட்டத்தில் ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். அது நம்மவர்களின் நல்ல குணம். ஆனால் ஒருத்தருக்கு என்ன நோய் என்பது அவருக்கே சரியாகப் புரிவதற்கு முன்னால் லயம் பூராவும் பரவிவிடுகிறதே, அது என்ன குணம்?

சில வருஷங்களுக்கு முன் நம் கவனத்துக்கு வந்த சம்பவம் இது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த அம்மாவின் பெயரும் வேண்டாம். செம்பனைக்கு உரம் போடும் வேலை. விடாத இருமல். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. தோட்டத்துக் கிளினிக்கிலிருந்து ஆபீசுக்குப் போன சீட்டிலேயே நோயின் பெயரை எழுதிவிட்டார்கள். கிராணி படித்தார், மண்டோரிடம் சொன்னார். மறுநாள் காலைப் பெரட்டில், "அந்தம்மா பக்கத்துல நிக்காதீங்க" என்று ஒரு குரல். பேரப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் சேர்க்கவில்லை. அவமானம் தாங்காமல் அந்த அம்மா மருந்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். பாதியில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை விட்டவர்கள் ஊருக்கே ஆபத்தைத் தேடித் தந்தார்கள்.

"தொற்றுநோயைச் சொல்லத்தானே வேணும்?" என்று சிலர் கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும். யாரிடம் என்பதே கேள்வி. 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கிறார். அவர்கள் வந்து வீட்டிலுள்ளவர்களைச் சோதிப்பார்கள். அது பாதுகாப்பு. பெரட்டில் பேசுவது வெறும் வம்பு.

நோயாளி நம்பிச் சொன்னதை முறையின்றி வெளியிடக்கூடாது என்பது மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்கு வைத்திருக்கும் ஒழுங்கு. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலுக்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம்மவர்கள் அதிகம் நம்பியிருப்பதோ அரசாங்க ஆஸ்பத்திரியை. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

நிர்வாகத்துக்கு என்ன தெரிய வேண்டும்? எத்தனை நாள் லீவு, எந்த வேலை கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். "மருந்து அடிக்கிற வேலை ஆகாது" என்று எழுதினால் போதாதா? நெஞ்சா, சிறுநீரகமா, கர்ப்பப்பையா என்பது மானேஜருக்கு எதற்கு? சொக்சோ மனுவுக்கு மருத்துவ அறிக்கை தேவைப்படுவது வேறு விஷயம்; அது தொழிலாளி தெரிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலாய் சரியாக வராத நம் பெரியவர்களுக்கும், வங்காளதேசம், நேப்பாளம் என்று வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைப்பவர்களுக்கும் டாக்டர் முன்னால் மண்டோரே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார். வேலை கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது யார் வாய் திறந்து உண்மையைச் சொல்வார்கள்?

குற்றத்தை நிர்வாகத்தின் தலையில் மட்டும் கட்டினால் அது நியாயமாகாது. மேலே சொன்ன சம்பவத்தில் அந்தப் பேச்சை வீடு வீடாகத் தூக்கிப் போனவர்களில் நம் கிளைச் செயலவையினரும் இருந்தார்கள். நாம் தேடிப் போனபோது அந்த அம்மா பாதிக் கதவைத்தான் திறந்தார். "மருந்து சாப்பிடலாம் தம்பி, ஆபீஸ் வழியா எப்படி நடந்து போறது?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. மூன்று தடவை போய்ப் பேசிய பிறகே பட்டணத்துக் கிளினிக்கில் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்.

ஆகவே கிளைத் தலைவர்கள் நிர்வாகத்திடம் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்: ஆபீசுக்குப் போகும் சீட்டில் நோயின் பெயர் கூடாது. கிளினிக்கில் பார்க்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும். நோயாளிப் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கு நோயாளி விரும்பும் ஆளை விட வேண்டும்.

நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த தடவை யாராவது படுத்துவிட்டால், "என்ன நோயாம்?" என்று கேட்காமல், "என்ன உதவி வேணும்?" என்று கேட்போம். கஞ்சி கொண்டுபோக அது போதும்.