தீயில் மீண்ட மரங்கொத்தி

அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ப் பணித்துறை 2024 அக்டோபரில் ஒரு பறவையை ‘அழியும் நிலை’ப் பட்டியலிலிருந்து இறக்கி, அபாயம் ஒரு படி குறைந்த ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானவை’ பட்டியலில் வைத்தது. அது தென்கிழக்கு மாநிலங்களின் பைன் காடுகளில் வாழும் ரெட் காக்கேடட் மரங்கொத்தி. 1970இல் பட்டியலில் ஏறி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் சுமார் 1,470 குடியிருப்புகளாக (பறவைகள் வாழும் பொந்து மரத் தொகுதிகளாக)ச் சுருங்கிப்போனது. இன்று வர்ஜீனியா முதல் டெக்சஸ் வரை சுமார் 7,800 குடியிருப்புகள் இருக்கின்றன. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், இது ஆள் வைத்துப் பராமரிக்கப்படும் எண்ணிக்கை. வேலை நின்றால் எண்ணிக்கையும் இறங்கிவிடும்.

ஏன் என்பதற்குப் பறவையின் வீட்டைப் பார்க்க வேண்டும். நம் ஊர் மரங்கொத்தி பட்டுப்போன தென்னையைத் தேடும். இதுவோ உயிருள்ள பைன் மரத்தைக் குடையும். இளமரம் உதவாது, பெரும்பாலும் எண்பது, நூறு வயது கடந்து, பூஞ்சை புகுந்து உள்மரம் மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். ஒரு பொந்து முடிய ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. அதன் பிறகும் வேலை ஓயாது. பொந்தைச் சுற்றிச் சிறு துளைகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். பிசின் வடிந்து, அடிமரம் உருகி வழிந்த மெழுகுவத்தியாக வெளுத்திருக்கும். குஞ்சுக்காக மரமேறும் சாரைப்பாம்பு வகைகளுக்கு அந்தப் பிசின்தான் தடை. இப்படிப் பாடுபட்டுக் கிடைக்கும் வீடு என்பதால், வளர்ந்த ஆண் பறவைகள் சில தனிக்குடித்தனம் போவதில்லை. தாய் தந்தையோடு தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரையூட்டுகின்றன.

ஒரு காலத்தில் இந்தத் தென்கிழக்கு மாநிலங்களில் நீள் ஊசியிலைப் பைன் காடு சுமார் 9 கோடி ஏக்கரில் இருந்தது. தார், டர்பன்டைன், மரம், விவசாயம் என்று போனதுபோக 3 சதவீதம் அளவுக்கே மிஞ்சியது. மிஞ்சியதையும் கெடுத்தது, நல்லெண்ணத்தோடு செய்த தீத்தடுப்பு. இந்த மரத்தின் கன்று முதல் சில ஆண்டுகள் புல்லோடு புல்லாக நிற்கும். மேலே தரைத்தீ ஓடினாலும் நடுக்குருத்து பிழைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வந்தால்தான் காடு திறந்து கிடக்கும். தீ வராவிட்டால் ஓக் முதலான மரங்கள் கீழிருந்து எழுந்து பொந்தின் உயரத்தை எட்டும்; பறவை பொந்தைக் கைவிட்டுப் போய்விடும். வனவுயிர் ஆய்வாளர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931இலேயே காடையைப் பற்றிய தன் நூலில் எரிப்பின் அவசியத்தை எழுதினார். காடை வேட்டைக்காக எரித்துவந்த ஜார்ஜியா பண்ணைக்காடுகளில் மரங்கொத்தியும் பிழைத்தது. ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் பீரங்கிக் குண்டுகள் மூட்டிய தீயே அந்த வேலையைச் செய்தது. காப்பாற்றக் கிளம்பியவர்கள் அணைத்தார்கள், குண்டு போட்டுப் பழகியவர்கள் காப்பாற்றினார்கள். வரலாற்றுக்கு இப்படியும் ஒரு குறும்பு உண்டு.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் இறங்கியது. பொந்து மரங்களில் 87 சதவீதம் சாய்ந்தன. பறவைகளில் 63 சதவீதம் மாண்டன. நூறாண்டு மரம் வளரும்வரை காத்திருக்க முடியாது. அப்போது உருவான செயற்கைப் பொந்துகள்தான் கதையைத் திருப்பின: பைன் மரத்தில் ஏறி, ரம்பத்தால் சதுரமாக அறுத்து, பொந்து குடைந்த மரப்பெட்டியைச் செருகி, விளிம்பை அடைப்பது. வாசல் தயாராக இருந்தால் பறவைகள் வந்து குடியேறின. தென் கரோலினாவின் சவானா ரிவர் வளாகத்தில் 1985இல் நான்கே பறவைகள் மிஞ்சியிருந்தன. பொந்து, எரிப்பு, வேறிடத்துப் பறவைகளைக் கொண்டுவந்து விடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கே இன்று நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

தனியார் நிலம் வேறு கதை. பறவை வந்தால் மரம் வெட்டத் தடை வரும் என்று பயந்து, முதிரும் முன்பே பைனை வெட்டித் தள்ளிய உரிமையாளர்கள் உண்டு. சட்டம் காக்க வந்த பறவைக்குச் சட்டமே எமனானது. 1995இல் வட கரோலினாவில் தொடங்கிய ‘பாதுகாப்பான துறைமுகம்’ ஒப்பந்தம் இதை மாற்றியது. அது நில உரிமையாளரிடம் சொன்னது இதுதான்: இப்போதிருக்கும் பறவைகளுக்குரிய கடமையை நிறைவேற்று. உன் பராமரிப்பால் பெருகுபவற்றுக்காகக் கூடுதல் கட்டுப்பாடு கிடையாது. இந்த உறுதி கிடைத்ததும் பலர் முன்வந்தார்கள். மிரட்டலைவிட இது பலித்தது என்பதை நம் வனத்துறைகளும் கவனிக்கலாம்.

பட்டியலில் இறக்கியதைச் சில பாதுகாப்பு அமைப்புகள் எதிர்த்தன. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் துறையின் முடிவு சரிதான் என்பேன். என் கவலை நிதிநிலை அறிக்கையைப் பற்றியது. 2018இல் மைக்கேல் புயல் ஃபுளோரிடா காடுகளை அடித்தபோதும் ஆட்கள் பெட்டிகளோடு மரமேற வேண்டியிருந்தது. எரிப்பதும் எளிதாக இல்லை. வீடுகள் காட்டோரம் நெருங்குகின்றன. நெடுஞ்சாலையில் புகை படிந்தால் விபத்து. காற்றும் ஈரமும் ஒத்துவரும் நாள்கள் ஆண்டில் சிலவே. ‘அபாயம் குறைந்துவிட்டதே’ என்று எரிப்புக் குழுக்களின் பணம் வெட்டப்பட்டால், கணக்கெடுப்பில் சரிவு தெரியச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஓக் மரங்கள் பொந்தின் வாசலுக்கு வந்திருக்கும். ஆகவே, பட்டியலை மாற்றிய உத்தரவோடு, ஆண்டுக்கு எத்தனை ஏக்கர் எரிக்கப்படும், அதற்குப் பணம் யார் தருவார் என்ற கட்டாய உறுதியும் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.